காசியும் முத்தியும்

சிவமயம்

காசி என்னும் திருப்பெயரைக் கேட்டமாத்திரத்தே கைகூப்பாத சைவர் நம்மிடை அரியர். கங்கைக் கரையின்கண் விசுவநாதப் பெருமான் எழுந்தருளியிருக்கும் அத்திருநகரை ஒருமுறையேனும் கண்டு வருதலைத் தம் வாழ்நாளின் பெரும்பேறாகக் கருதி, அதன்பொருட்டுச் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்துவைக்கும் ஏழையன்பர் இன்றும் பலர். அவ்வன்பு போற்றற்பாலது. ஆயினும், நெற்பயிரோடு புல்லும் உடன் வளர்வதுபோல, அவ்வன்போடு பொருந்தாக் கொள்கைகள் சிலவும் நாட்டில் வளர்ந்து வருகின்றன. அவற்றைக் களைந்து பயிரைக் காத்தல் சித்தாந்த நூல் பயில்வார்க்குக் கடனாதலின் இக்கட்டுரை எழுதலாயிற்று.

எழுதுதற்குத் தூண்டுகோலாயதொரு நிகழ்ச்சியை முன்னர்க் கூறுவாம். எமக்கு நெடுநாட் பழக்கமுடைய குடும்பமொன்றில் எண்பது ஆண்டு கடந்த மூதாட்டியார் ஒருவர் நோயுற்றுக் கிடந்தனர். அறுபது ஆண்டுகட்கு மேலாகத் திருநீற்றையும் திருவைந்தெழுத்தையும் பிழையாது போற்றி, நாடோறும் திருமுறை ஓதி, அடியார் வந்துழி அமுதளித்து வாழ்ந்தவர் அவர். காணச் சென்ற எம்மை நோக்கிக் கண்ணீர் வடித்து, "காசியில் உயிர் போனால்தான் முத்தியாமே ஐயா! இத்தனை நாள் நான் செய்த பூசையெல்லாம் வீண்தானோ?" என்று வினவினர். உறவினர் ஒருவர் யாத்திரைத் துண்டுத்தாள் ஒன்றைப் படித்துக்காட்டி அங்ஙனம் கூறிச் சென்றனராம். அருகிலிருந்த பேரனாரோ கல்லூரியிற் பயின்றவர். அவர், "பாட்டி, காசியாவது முத்தியாவது! அது வடநாட்டார் பிழைப்புக்குக் கட்டிய கதை. தேவாரப் பாட்டுக்கூட இல்லாத ஊர்; நமக்கும் அதற்கும் என்ன?" என்றனர். முன்னவர் கூற்று அம்மையாரை அச்சுறுத்தியது. பின்னவர் கூற்று அவரைப் புண்படுத்தியது. இரண்டும் உண்மையல்ல என்பதே யாம் ஈண்டு நிறுவப் புகுவது.

இவ்விருவரோடு மூன்றாமவர் ஒருவரும் உளர். "புறத்தே காசி என்பதொன்று இல்லை, அகமே காசி, யாத்திரை செய்வார் அறிவிலிகள்" என்று மேடைதோறும் முழங்குவார் அவர். ஆகவே மறுக்கற்பாலனவாகிய கொள்கைகள் மூன்று. காசியில் உடல் வீழ்ந்தாற் போதும், வீழாதார்க்கு வீடில்லை என்பது ஒன்று. காசி நமக்கு உரிய தலமன்று என்பது மற்றொன்று. அகக்காசியன்றிப் புறக்காசி பயனற்றது என்பது பிறிதொன்று. இவற்றுள் இடைநின்றதனை முன்னர் எடுத்துக்கொள்வாம். தலத்தின் வரலாறு விளங்கிய பின்னரே அதன் பொருள் விளங்குமாகலின்.

இமயத்திற் பிறந்து தென்கிழக்காக ஓடும் கங்கை, காசியின்கண் வடக்கு நோக்கித் திரும்பிப் பாய்கின்றது. அதன் மேலைக்கரையில், வடக்கே வருணையும் தெற்கே அசியும் கங்கையோடு கலக்கும் இடங்கட்கு இடைப்பட்டது வாரணாசி. அசி, தசாசுவமேதம், மணிகருணிகை, பஞ்சகங்கை, வருணை கூடுமிடமாகிய ஆதிகேசவம் என்னும் ஐந்து துறைகளும் அங்குத் தலைமையுடையனவாகக் கொள்ளப்படும். நகரைச் சூழ்ந்து ஏறத்தாழ ஐம்பது மைல் அளவினதாகிய பஞ்சகுரோச வழியை அடியார்கள் ஐந்து நாளில் நடந்து வலம் வருவர்.

காசியரசர் பெயர் சதபதப் பிராமணத்திலேயே காணப்படுகின்றது. புத்தர் தம் முதலுரையை நிகழ்த்தியது அந்நகரை அடுத்த சாரநாத்தில் என்பது யாவரும் அறிந்தது. 7ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நகரைக் கண்ட சீன யாத்திரிகர் யுவான் சுவாங், தாம் பௌத்தராயிருந்தும், அங்கே நூறளவான தேவாலயங்கள் இருந்தனவென்றும், ஆங்குள்ளார் பெரும்பாலும் மகேசுவரனையே வழிபட்டனரென்றும், உடல் முழுதும் நீறு பூசிய துறவிகள் பலர் இருந்தனரென்றும் எழுதிவைத்தார். புறச்சமயத்தார் ஒருவர் எழுதிய இச்சான்று காசியின் சைவப் பழமைக்குப் போதியதாகும்.

அந்நூற்றாண்டே நம் அப்பர் அடிகள் வாழ்ந்த நூற்றாண்டு. கயிலை காணும் வேட்கையால் வடக்கு நோக்கிச் சென்ற அடிகள், திருப்பருப்பதம் வணங்கி, தெலுங்கு, கன்னடம், மாளவம் முதலிய நாடுகளைக் கடந்து, வாரணாசியை அடைந்து இறைவனைத் தொழுதனர் என்றும், உடன் வந்தாரை அங்கே நிறுத்தித் தாம் தமியராய் மேற்சென்றனர் என்றும் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தே கூறியருளினர். தேவாரப் பாட்டு இல்லாத ஊர் என்று இகழ்ந்த இளைஞர் இதனை உணர்வாராக. அத்தலத்திற்கெனத் தனிப்பதிகம் இன்று கிடைத்திலது என்பது மெய். ஆயின் பதிகம் பாடிய திருவடிகள் நடந்து சென்று தொழுத மண் அது என்பதும் மெய். மேலும், பாடப்பெற்ற பதிகங்கள் யாவும் நமக்குக் கிடைத்தில என்பது சைவருலகம் ஒப்பியது. ஆதலாற் பதிகம் கிடையாமையை ஏதுவாகக் காட்டித் தலத்தை விலக்குதல் பொருந்தாது.

அப்பர் காலத்தோடு இத்தொடர்பு நின்றுவிடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் திருவைகுண்டத்துத் தோன்றிய குமரகுருபர அடிகள், தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகர்பால் ஞானோபதேசம் பெற்றுக் காசிக்குச் சென்று, கேதார கட்டத்தில் மடம் நிறுவி, கேதாரேசுவரர் திருக்கோயிலைப் புதுக்கி, வழிபாடு முறையாக நடைபெறச் செய்தனர். காசிக் கலம்பகம் அவர் அருளிய நூல். அவர் வழியில் ஆறாம் தலைவராயிருந்த தில்லைநாயக சுவாமிகள் 1720ஆம் ஆண்டில் திருப்பனந்தாளில் மடத்தை அமைத்தனர். அதுவே இன்றும் காசிமடம் எனப்படுகின்றது. நாட்டுக்கோட்டை நகரத்தார் 1813ஆம் ஆண்டில் காசியில் சத்திரம் நிறுவி, விசுவநாதர் பூசைக்கு வேண்டும் பொருள்களைச் 'சம்போ' என்னும் முழக்கத்தோடு சுமந்துசென்று கொடுக்கும் திருப்பணியை மேற்கொண்டனர். கங்கைநீர் கொணர்ந்து இராமேசுவரத்து இறைவனை ஆட்டுவதும், சேதுவின் மணலைக் கங்கையிற் சேர்ப்பதும் நம் முன்னோர் கண்ட ஒரே யாத்திரையின் இரு முனைகள். இங்ஙனம் அடியாரும் துறவியரும் வணிகரும் நடந்து நடந்து உண்டாக்கிய வழியை, "நமக்கு என்ன?" என்னும் ஒரு சொல்லால் அடைத்துவிடல் ஆகுமோ?

இவ்வரலாற்றில் யாம் கருதற்பாலது இன்னுமொன்று உளது. 1194ஆம் ஆண்டில் குத்புதீன் ஐபக்கின் படை காசியைச் சூறையாடிற்று. பின் எழுந்த விசுவேசுவரர் ஆலயம் மீட்டும் அழிவுற, 1585ஆம் ஆண்டளவில் நாராயண பட்டர் என்னும் பெரும்புலவர் முயற்சியாலும் தோடர்மால் உதவியாலும் புதுக்கப்பெற்றது. அதுவும் 1669ஆம் ஆண்டில் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1780ஆம் ஆண்டளவில், இந்தூர் அரசி அகல்யாபாய் ஓல்கர் இப்பொழுதுள்ள ஆலயத்தை எடுப்பித்தார். பஞ்சாப் அரசர் இரஞ்சித் சிங் அதன் விமானத்திற்குப் பொன் வழங்கினார். 2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஆலயத்தினின்று கங்கைக்கரை வரை அகன்ற திருமுற்றம் திறக்கப்பெற்றது.

கோயில் இல்லாதிருந்த காலங்களில் அடியார் என்செய்தனர்? மேற்கூறிய நாராயண பட்டரே தம் திரித்தலசேது என்னும் நூலில், கொடிய வேந்தரால் இலிங்கத்திருமேனி இல்லாதொழிந்த காலத்தும் அவ்விடத்தை வலம்வந்து வணங்குதல் வேண்டும் என்று விதித்தனர். இது நன்கு சிந்திக்கற்பாலது. கல்லும் பொன்னுமே தலமாயின், அவை வீழ்ந்தபோதே தலமும் வீழ்ந்திருத்தல் வேண்டும். வீழ்ந்திலது. எனவே, தலமென்பது கட்டடத்தின் வேறாகிய ஒன்று என்பது பெறப்படும். அஃது யாது? அதனை அறியாமையாலேயே முதற்கொள்கையார் வழுவினர். இனி அதனை ஆராய்வாம்.

காசியில் இறப்பார்க்கு முத்தியுண்டு என்னும் வழக்கு எந்நூல்பற்றி எழுந்தது? சாபால உபநிடதத்தின்கண், பிருகற்பதி வினவ யாஞ்ஞவற்கியர் அவிமுத்தம் என்னும் தலத்தின் பெருமையை விடுக்கின்றுழி, ஆங்கு உயிர் உடலினின்று நீங்குங்கால் உருத்திரமூர்த்தி அவ்வுயிர்க்குத் தாரகப் பிரமத்தை உபதேசித்தருளுகின்றார் என்றும், அதனால் அவ்வுயிர் வீடெய்தும் என்றும் உரைத்தனர். அவிமுத்தம் என்பது இறைவன் ஒருகாலும் விட்டு நீங்காத இடம் எனப் பொருள்படும் காசியின் பெயர். காந்தபுராணத்துக் காசிகாண்டம் இதனையே விரித்தோதும். அதனைத் தென்காசிப் பாண்டியருள் ஒருவராகிய அதிவீரராம பாண்டியர் தமிழிற் காசிகாண்டமாகப் பாடியளித்தனர்.

இங்கே கூறப்பட்டது யாதென உற்று நோக்குமின்! முத்தியளிப்பது மண் என்று உபநிடதம் கூறிற்றன்று. நீர் என்றும் கூறிற்றன்று. இறப்பு என்றும் கூறிற்றன்று. இறைவன் செய்யும் உபதேசமே முத்தி தருவது என்று கூறிற்று. உபதேசம் என்பது ஞானத்தை உணர்த்துதல். ஆகவே காசியின்கண்ணும் முத்தி ஞானத்தாலேயே எய்தற்பாலது. அஞ்ஞானத்தை உணர்த்துவானும் குருவடிவாகிய சிவபெருமானே. இஃது அன்றோ நம் சித்தாந்தம்! உள்நின்று உணர்த்திவந்த இறைவனே உயிர் முன்செய்த தவத்தின் பயனாகக் குருவாய் எழுந்தருளிவந்து, வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரன்போல ஐம்புலன்களிடை மயங்கிக்கிடந்த உயிர்க்கு அதன் இயல்பை அறிவுறுத்தித் தன் திருவடியிற் சேர்ப்பன் என்று மெய்கண்டதேவர் சிவஞானபோத எட்டாஞ் சூத்திரத்தே அருளிச்செய்த பொருளும் இதுவே. உடல் வீழ்ந்தாற் போதும் என்பார், வாக்கியத்தின் எழுவாயாகிய இறைவனை விடுத்து, பயனிலையை மட்டும் பற்றிக்கொண்டாராவர்.

அற்றேல், பக்குவமில்லாதாரும் காசியில் இறப்பரே. இருவினையொப்பும் மலபரிபாகமும் சத்திநிபாதமும் எய்தாதார்க்கு உபதேசம் எங்ஙனம் பயன்படும்? என்று வினவின், அதற்கு விடை காசிமான்மியம் கூறும் நூல்களிலேயே உளது. பிறவிடத்துச் செய்த பாவம் காசியில் நீங்கும்; காசியிற் செய்த பாவமோ வச்சிரலேபமாய் ஒட்டிக்கொள்ளும் என்று அவை அச்சுறுத்தும். அங்ஙனம் பாவஞ்செய்து அங்கே இறந்தாரைக் காலவைரவர் கொடிய யாதனைக்கு உட்படுத்தி, அவ்வினை முற்றும் தீர்ந்தபின்னரே அவர் உபதேசத்திற்கு உரியராவர் என்றும் அவை ஓதும். எனவே, வினை நுகராது தாவிச்செல்லும் குறுக்குவழி காசியிலும் இல்லை என்பது தெளிவு. வினை கழிதல் முன்னும், உபதேசம் அதன் பின்னும் நிகழ்தல் சித்தாந்த முறையோடு எத்துணை இயைகின்றது! சரியை கிரியை யோகங்கள் சாலோகம் முதலிய பதமுத்திகளைத் தந்து, ஞானத்திற்குப் படியாய் நிற்கும் என்பது நம் நூற்றுணிபு. காசிவாசமும் கங்கையாடலும் சரியையிலும் கிரியையிலும் அடங்குவன. அன்போடு செய்தார்க்கு அவை தத்தம் பயனைத் தப்பாது தரும். ஞானத்தின் இடத்தைத் தாமே பற்றிக்கொள்ளமாட்டா.

இக்கொள்கையின் பிழையை முன்னரே கண்டு வெகுண்டவர் ஒருவர் காசியிலேயே இருந்தனர். நெசவுத்தொழில் செய்து அந்நகரில் வாழ்ந்த கபீர்தாசர், தம் இறுதிக்காலத்தே காசியை விட்டு மகஹர் என்னும் ஊரை அடைந்தனர் என்பர். அவ்வூரில் இறப்பார் கழுதையாய்ப் பிறப்பர் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. காசிமண்ணே முத்தி தருமாயின் இறைவன் செய்யும் உதவிதான் யாது என்பது அவருடைய வினா. அவ்வினா உடல் வீழ்தலையே முத்தியென்பாரைத் தாக்கும், சித்தாந்தியைத் தாக்காது. என்னையெனின், முத்தி மண்ணாலன்று, இறைவன் உபதேசத்தாலேயே என்று சித்தாந்தி முன்னரே உடன்பட்டமையின் என்க. கபீர்தாசரது வெகுளி நியாயமானது. அதுபற்றித் தலத்தைத் துறத்தல் மட்டும் வேண்டாததொன்று. நோய்க்கு மருந்து பத்தியத்தை விளக்குதலேயன்றி, உணவையே விலக்குதலன்று.

இனி, காசியில் இறவாதார்க்கு வீடில்லை என்னும் எதிர்மறைக் கூற்றை நோக்குவாம். மூதாட்டியாரை அழச்செய்தது இதுவே. இக்கூற்றுக்கு எந்நூலும் சான்றன்று. ஓரிடத்து உபதேசிப்பன் என்றால் பிறிதிடத்து உபதேசியான் என்பது எங்ஙனம் பெறப்படும்? சம்பந்தப்பெருமான் சோதியிற் கலந்தது நல்லூர்ப்பெருமணத்தில். சுந்தரமூர்த்திகள் கயிலைக்கு எழுந்தது திருவஞ்சைக்களத்தினின்று. மணிவாசகப்பெருமானைக் குருவடிவாய் ஆட்கொண்டது திருப்பெருந்துறையில்; அவர் இறைவனோடு கலந்தது தில்லையில். நந்தனார் அனலிடைப் புக்கு உய்ந்ததும் தில்லையிலே. மெய்கண்டதேவர்க்குப் பரஞ்சோதி முனிவர் உபதேசித்தது திருவெண்ணெய்நல்லூரில். அறுபத்துமூவருள் ஒருவரேனும் காசியில் வீடெய்தினார் என்று சேக்கிழார் கூறிற்றிலர். இவரெல்லாம் முத்தி பெற்றிலர் என்பார் உளராயின், அவரோடு நமக்கு வழக்கில்லை.

அப்பர் அடிகள் வரலாறு இவ்வுண்மையை இன்னும் விளக்கமாகக் காட்டும். அடிகள் காசியை அடைந்தனர். ஆயினும் அங்கே தங்கி உடல் வீழும் நாளை எதிர்பார்த்திருந்திலர். மேலும் வடக்கே சென்று, கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடலால் உருண்டு வருந்துங்கால், இறைவன் முனிவர் வடிவில் தோன்றி, அங்குள்ள பொய்கையில் மூழ்குமாறு பணித்தருளினன். மூழ்கிய அடிகள் எழுந்தது காவிரிக்கரைத் திருவையாற்றில். கயிலைக் காட்சியை அங்கேதான் கண்டனர். பின்னர் அவர் திருவடி சேர்ந்தது திருப்புகலூரில். காசியைக் கண்டவரையும் கடந்து சென்றவரையும் இறைவன் காவிரிக்கரைக்கு மீட்டுக் கொணர்ந்தனன் என்றால், தன் அருளுக்கு ஊரெல்லை இல்லை என்பதை அவன் இதனினும் வெளிப்படையாக எங்ஙனம் காட்டவல்லன்?

குமரகுருபர அடிகள் வரலாறும் இதற்குத் துணை நிற்கும். துறவு வேண்டிய அவரை, முன்னர்க் காசிக்குச் சென்று வருக என்று மாசிலாமணி தேசிகர் பணித்தனர் என்றும், காசி நெடுந்தொலைவினது, சென்று மீளுமளவும் குருவைப் பிரிந்திருத்தல் ஆற்றேன் என்று சீடர் வேண்ட, அங்ஙனமாயின் ஒரு மண்டலம் சிதம்பரவாசம் செய்க என்று குருமூர்த்தி மாற்றியருளினர் என்றும் அவர் சரிதம் கூறுவோர் உரைப்பர். காசிக்கு ஈடாகத் தில்லையைக் குருவே காட்டினர். உபதேசம் கிடைத்ததோ தருமபுரத்தில். அதனைப் பெற்ற பின்னரே அடிகள் காசிக்குச் சென்றனர். சென்றது முத்தியை வாங்குதற்கன்று, தொண்டு செய்தற்கு. பாண்டியன் பராக்கிரமனும் காசிநாதனைத் தன் நாட்டிலேயே கண்டு தொழுதற்பொருட்டுத் தென்காசித் திருக்கோயிலை 1446ஆம் ஆண்டில் எடுக்கத் தொடங்கினன். காசிக்குச் செல்லமாட்டாதார் பொருட்டுக் காசியே வரும் என்பது நம் முன்னோர் துணிபு.

மூன்றாமவராகிய அகக்காசியார்க்கு இனி விடை கூறுவாம். உள்ளத்தினுள்ளே தீர்த்தங்கள் பல உளவென்று திருமூலர் அருளியதையும், எங்கும் ஈசன் உளன் என்று உணராதார் கங்கையாடியும் காவிரியாடியும் பயனில்லை என்னும் கருத்தை அப்பர் அடிகள் பாவநாசத் திருக்குறுந்தொகையிற் பாடியதையும் இவர் தமக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவர். சாபால உபநிடதமும் வரணை, நாசி என்பவற்றைப் புருவத்துக்கும் மூக்குக்கும் இடைப்பட்டதாகிய உள்ளிடத்திற் பொருத்திக் காட்டும். இவையாவும் நமக்கும் உடன்பாடே. ஆயின் இவற்றால் இவர் கருதியது பெறப்படுமோ? அப்பதிகம் பாடிய அப்பர் அடிகளே வாரணாசிக்கு நடந்து சென்றவர் என்பதை இவர் மறந்தனர். உணராது ஆடுதல் பயனற்றது என்றால், உணர்ந்து ஆடுதல் பயனுடைத்து என்பதன்றோ தெளிபொருள்! பாலினுள் நெய் எங்கும் பரந்திருப்பினும் தயிரின்கண்ணன்றோ அது விளங்கித் தோன்றும்? அங்ஙனமே எங்கும் நிறைந்த இறைவன் குருவிடத்தும் ஆலயத்திடத்தும் விளங்கித் தோன்றுவன். அதுபற்றியே சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், ஞானம் கைவந்த சீவன்முத்தரையும் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்று விதித்தது. ஞானிக்கே அது விதியாயின், ஞானம் பேசுவார்க்கு மட்டும் விலக்காமோ?

இத்துணையும் கொள்கை பற்றிய மறுப்பு. இனி ஒழுக்கம் பற்றியும் சில கூறாது விடுதல் தகாது. காசியில் இறத்தலை விழைவார் தங்குதற்கென அந்நகரில் இல்லங்கள் உள. 1958ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற முத்தி பவனம் அவற்றுள் பெயர்பெற்றது. பிள்ளைகளும் பேரரும் உடனிருந்து, இறைவன் திருநாமம் செவியிற் பட, உயிர் நீங்குதல் நற்பேறே. ஆயின், முதிய தாய் தந்தையரைப் பேணும் சுமையைக் கழித்தற்குப் 'புண்ணியம்' என்னும் பெயரிட்டு அவரைத் தொலைவிற் கொண்டுவிடுவார் உளராயின், அவர் செய்வது அத்தலத்திற் செய்த பாவமாய் வச்சிரலேபமாகும் என்பதை அந்நூல்களே கூறும். அதுபோலவே, ஒரு முழுக்குக்கு ஏழு பிறவி, ஒரு தங்கலுக்கு முத்தி என்று விலைகூறித் துண்டுத்தாள் பரப்புவாரும் திருவருளை அங்காடிப் பண்டமாக்கினாராவர். ஊர்தியும் உணவும் உறையுளும் அளித்து அதற்குரிய பொருள் பெறுதல் குற்றமன்று. முத்தியை விலைப்பட்டியலிற் சேர்த்தலே குற்றம்.

கங்கையின் நிலையும் நம் நெஞ்சைச் சுடுவது. கங்கையின்கண் மலசலம் கழித்தலும், ஆடை துவைத்தலும், நிருமாலியங்களை எறிதலும் ஆகாவெனப் புராணங்கள் விலக்கின. நாம் அவ்விலக்கை விட்டு, முழுக்கின் பயனை மட்டும் பற்றிக்கொண்டோம். நகரங்களின் கழிவுநீரால் ஆறு கெட்டமை கண்டு, அதனைத் தூய்மை செய்தற்கென அரசினர் 1986ஆம் ஆண்டில் காசியிலேயே ஒரு பெருந்திட்டம் தொடங்கினர். 2014ஆம் ஆண்டில் மற்றொன்று வகுத்தனர். தம் பாவத்தைக் கழுவவேண்டும் நீரைத் தாமே மாசுபடுத்துவார் எதனைக் கழுவுகின்றனர்? ஆற்றைத் தாயென்று நாவாற் கூறிக் கழிவைக் கையால் எறிதல், இறைவனைப் பாடிக்கொண்டே அவன் திருமுற்றத்தில் உமிழ்தல் போல்வதாம். இது காசிக்குச் செல்வார்க்கு மட்டும் கூறியதன்று. நம் காவிரிக்கரையும் பொருநைக்கரையும் இக்குற்றத்தினின்று நீங்கியவையல்ல.

ஆகலின், காசிக்குச் செல்ல இயன்றவர் செல்வாராக. 2022ஆம் ஆண்டில் காசி தமிழ்ச் சங்கமம் தொடங்கிய பின்னர் அங்குச் செல்லும் தமிழர் தொகை மிகுந்துள்ளது, அது நன்றே. செல்வோர் கடைத்தெருவும் படகும் கண்டு மீளாது, கேதார கட்டத்தில் குமரகுருபர அடிகள் திருத்தொண்டு செய்த இடத்தையும் கண்டு வணங்குவாராக. இறைவன் குருவாய் வீற்றிருக்கும் இடத்திற்குச் செல்கின்றோம் என்னும் உணர்வோடு, பொய்யும் சினமும் அடக்கி, அஞ்செழுத்து ஓதிக்கொண்டு செல்வாராக. செல்லமாட்டாதார் வருந்தற்க. தம்மூர்ச் சிவாலயத்தை நாடோறும் வலம் வருவாராக. சிவபெருமானுக்குக் கங்கை தலையில் உளது. அவன் எழுந்தருளிய ஊரெல்லாம் கங்கை உள்ள ஊரே.

அம்மையார்க்கும் யாம் இதனையே கூறினோம். "அம்மா, காசியில் இறப்பவர் செவியில் பெருமான் எதனைச் சொல்வான் என்று எண்ணுகிறீர்கள்? அறுபது ஆண்டாக நீங்கள் ஓதும் திருநாமத்துக்கு உரியவன் அன்றோ அவன்! அவன் உங்கள் வீட்டு வழியை அறியானோ?" என்றோம். சிறிது பொழுது வாளாவிருந்து, பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் நான் இங்கேயே இருக்கிறேன், ஐயா" என்றனர். பேரனார் தலைகுனிந்து, பாட்டியின் திருமுறைப் புத்தகத்தை எடுத்து அவர் விரும்பிய பதிகத்தைப் படிக்கலாயினர். அச்சுறுத்தாமலும் இகழாமலும் உண்மையைக் கூறினால் முதியோர் ஆறுதல் எய்துவர், இளையோர் ஆர்வம் எய்துவர் என்பதற்கு இதுவே சான்று.

காசியின் பெருமையை நாம் மறுத்தோமல்லேம். அதன் உண்மைக் காரணத்தை நாட்டினோம். அங்கே முத்தி தருவோன் சிவபெருமான், தருவது ஞானத்தால், தரப்பெறுவோர் அன்பர். அச்சிவபெருமான் எவ்வூரிலும் உளன். ஆகவே தலத்தை வணங்குக. தலத்தின் பெயரால் பிறரை அச்சுறுத்தற்க. தலத்தை இகழ்ந்து பிறரைப் புண்படுத்தற்க. சைவ நன்மக்கள் இதனை நடுநின்று சிந்திப்பாராக.

திருச்சிற்றம்பலம்